வீராசாமி எந்த வரிசையில்

மார்ச் 2, 1952. ஞாயிறு.

வெயில். காற்றே இல்லை. ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறது. பால் குறைவு, அதனால் தோட்டத்து ஆம்பிளைகளுக்குப் பேச்சு அதிகம். பேசுகிற இடம் என் கடை. மலாக்காப் பக்கத்து இந்தச் செலண்டாரில் இத்தனை கடை இருக்க, தையல் கடையில்தான் உட்கார பெஞ்சு இருக்கிறது. பெஞ்சு போட்டது என் புத்தி.

செய்ய வேண்டியது: அந்தோணிக்கு சிலுவார் இரண்டு. டீச்சர் வீட்டு ஜன்னல் திரை. மிஷின் பெல்ட் லூஸ். எண்ணெய்.
செய்தது: ஒரு சிலுவார். அதிலும் ஒரு கால்.

காரணம் வெள்ளி விழா. ஏழாங்கட்டைத் தோட்டத்து வெற்றிவேல் கிளப்புக்கு இருபத்தைந்து வயது. கிளப்பில் இதுவரை பந்து ஆடியவர்களில் சிறந்த பதினொரு பேரை ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டு, படத்தைப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டுவது. ஆளுக்கொரு கப், துரை கையால். செயலாளர் காத்தமுத்து, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், "வரிசை போடறது ரசிகருங்க பாடு" என்று சொல்லிவிட்டார். கெட்டது குடி.

தோட்டத்து லாரி ஓட்டும் சாமிக்கண்ணுதான் ஆரம்பித்தது. டீமை ஊர் ஊராக ஏற்றிப் போனவர். அதனால் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்கிறவர்.

"மொதலு ஏகாம்பரம் தான்லா. சென்டர் பார்வர்ட். கோல் போட்டவன் பெரியவனா, கோல்ல நின்னவன் பெரியவனா?"

மண்டோர்: "ஏகாம்பரம் அடிச்சதுல பாதி வானத்துக்குப் போயிருச்சு. வீராசாமிகிட்ட வந்தது எது வெளிய போச்சு, சொல்லு."

"பூட்ஸ் போட்டு ஆடுனவனுக்கெல்லாம் ரெண்டு எடம் கழிக்கணும். வெறுங்கால்ல ஆடுனவன்தான் ஆட்டக்காரன்."

"அப்படிப் பாத்தா சப்பான் சண்டைக்கு அப்புறம் ஆடுனவன் ஒருத்தனும் தேற மாட்டான்."

"தேற வேணாமே."

கடை மூடும்போது வரிசை:
1, 2 – கோல்கீப்பர் வீராசாமி, சென்டர் ஏகாம்பரம். யார் முன்னால் என்பதில் சண்டை தீரவில்லை.
3 – லெப்ட் பேக் சவரிமுத்து.
4 முதல் 11 வரை – சாயா வாங்கிக் கொடுப்பவரைப் பொறுத்து மாறும்.
13 – நான்.

பதின்மூன்று! பன்னிரண்டாவது லாரிக்காரர். பந்தையே தொடாத ஆள்.

வீராசாமி இருந்தவரை நான் ரிசர்வ் கோல்கீப்பர். அவன் போன பிறகுதான் கம்பத்துக்கு நடுவில் நின்றேன். என் கைக்கு வந்த பந்தைவிட முகத்துக்கு வந்தது அதிகம். அதுவும் தடுத்ததில் சேர்த்தி இல்லையா?

ஆறு மணிக்குள் எல்லாரும் கிளம்பினார்கள். காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமல் இருக்க, ஆட்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி போட்டதிலிருந்து நேரத்துக்கு கேட் சாத்திவிடுகிறார்கள். உள்ளே போகாதவன் பயங்கரவாதி. கேட்டுக்கு வெளியே நின்று வாதாட முடியாது என்பதால் ஏகாம்பரத்தின் நியாயம் இன்றைக்குப் பாதியிலேயே நின்றது.

வீராசாமி ஆடியதை நினைத்தேன். ஜாசின் டீமோடு பெனல்டி. அடிக்க வந்தவன் வலது பக்கம் பார்த்தான். நாங்களும் வலது பக்கம் பார்த்தோம். வீராசாமி அவனுடைய கால் கட்டைவிரலைப் பார்த்தான். வெறுங்கால் காலமாச்சே. விரல் திரும்புகிற பக்கம் விழுந்தான், பந்து அவன் நெஞ்சில் இருந்தது. எழுந்து, கோல் கம்பத்தில் கட்டியிருந்த துண்டை எடுத்து முகம் துடைத்தான். அவ்வளவுதான். குதிக்கவில்லை, கத்தவில்லை. எனக்கு அந்த அலட்சியம் வரவே இல்லை.


மார்ச் 5. புதன்.

மிஷின் பெல்ட் மாற்றினேன். கழுத்து வலி. பாக்கியம் (என் சம்சாரம்) தைலம் தேய்த்தபடி: "பதிமூனாவது ஆளுக்கு இவ்ளோ தைலம் போதும்."

சாயங்காலம் கிராணி ஐயா வந்தார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்தவர், கிளப் தலைவர். விழாவுக்குப் புது சிலுவார் வேண்டும். அளவு எடுக்கும்போது வரிசையைக் கேட்டார், சொன்னேன்.

"கோவிந்தன், பொலிஸ் பெர்மிட் இல்லாமல் கூட்டம் வைக்கேலாது, தெரியும்தானே? கப் வாங்கிற ஆக்களின்ர பேரும் ஐ.சி. அடையாளக் கார்ட் நம்பரும் எழுதிக் குடுக்க வேணும். இறந்த ஆக்களுக்கு நம்பர் தேவையில்லை. அவையின்ர படத்துக்கு மாலை போட்டு, விளக்கு வைச்சு, கொஞ்ச நேரம் மௌனமாய் நிப்பம். இருக்கிற ஆக்கள் ஒரு வரிசை, இல்லாத ஆக்கள் ஒரு வரிசை. ரெண்டே வரிசை."

"அப்ப வீராசாமி, ஐயா?"

"அதுதான் என்ர தலையிடி."

விஷயம் இதுதான். சப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போட ஆள் பிடித்தபோது வீராசாமியையும் சவரிமுத்துவையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். சவரிமுத்து அங்கே காய்ச்சலில் போனதைக் கூட இருந்தவர்கள் பார்த்தார்கள், புதைத்தார்கள், வந்து சொன்னார்கள். இங்கே அவன் வீட்டில் காரியம் நடந்தது. வீராசாமியை நடுவழியில் வேறு கேம்புக்குப் பிரித்து அனுப்பினார்களாம். அதோடு சரி. செத்ததைப் பார்த்தவன் இல்லை, இருந்ததைப் பார்த்தவனும் இல்லை. சப்பான்காரன் தோற்றுப் போய் ஏழு வருஷம் ஆகப்போகிறது. சயாமுக்குப் போனவர்களின் பெஞ்சாதிகள் ஒவ்வொருவராகக் காரியம் பண்ணிவிட்டார்கள். வீராசாமி சம்சாரம் அஞ்சலை மட்டும் பொட்டும் தாலியுமாகப் பாலுக்கு மரம் வெட்டப் போகிறாள்.

மாலை போட்ட படத்தை மாட்டினால், அந்த நிமிஷமே அஞ்சலை தாலி அறுத்தவள். ஊர் கூடி, துரை முன்னால்.

"இருக்கிறார் எண்டு எழுதினால்," என்றார் கிராணி ஐயா, "ஐ.சி. எங்கே எண்டு கேப்பாங்கள். இல்லை எண்டால், ஆள் எங்கே? தெரியாது. இந்தக் காலத்தில அதை எழுதிக் குடுக்கலாமோ? காட்டுக்குள்ள இருக்கிறார் எண்டுதான் நினைப்பாங்கள். பிறகு அந்தப் பிள்ளையை ஸ்டேசனுக்கு இழுப்பாங்கள்."

ஆத்திரத்தில் அவர் இடுப்பை இரண்டு தடவை அளந்தேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. போன வருஷம் கூடுதலாகப் பால் டின் வைத்திருந்ததற்கே மேல் லயத்தில் ஒரு குடும்பத்தை நாள் முழுக்க விசாரித்தார்கள். புருஷன் எங்கே என்று தெரியாத பெண்பிள்ளையைச் சும்மா விடுவார்களா?

சிலுவார், கிராணி ஐயா: இடுப்பு பெருத்திருக்கிறது. சொல்லவில்லை.


மார்ச் 9. ஞாயிறு.

காலையில் மூட்டம், மழை இல்லை. பெஞ்சு நிறைய ஆள். வாசலிலும் ஆள்.

மண்டோர் ஓட்டு எடுத்தார். அவருக்குப் பேர் கூப்பிட வந்தால் பெரட்டுக் குரல்தான். தினமும் விடியுமுன் ஆபீஸ் வாசலில் ஆட்களை நிறுத்தி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிற பழக்கம். இருக்கிறவன் குரல் கொடுக்கணும். வராதவனுக்கு வீட்டு ஆள் குரல் கொடுக்கணும். குரல் வந்ததும் மண்டோரின் அடுத்த கேள்வி, "அவன் நெரைக்கு யாரு?" அவன் வெட்டுகிற மரங்களை இன்றைக்கு யார் வெட்டுவது என்று அர்த்தம். மரம் சும்மா நிற்கக் கூடாது.

என் கடையிலும் அதே குரல்.

"முருகையா!"

"வரல. கள்ளுக்கட."

"அவன் நெரைக்கு யாரு?"

கடையே சிரித்தது. முருகையா ஓட்டையும் நானே போட்டேன், எனக்கே. பிடித்துவிட்டார்கள்.

வீராசாமி பேர் வந்ததும் சிரிப்பு நின்றது. கிராணி ஐயா சொன்னது அதற்குள் எல்லார் காதுக்கும் போயிருக்கிறது.

"செத்தவங்க வரிசையில போட்டுட்டா வேல முடிஞ்சிச்சு."

"ஒன் வீட்டுப் பொம்பளைன்னா இப்படிச் சொல்லுவியா? வாய அலம்பு."

"இத்தன வருசம் ஆச்சேலா…"

"பேசாம வீராசாமிய விட்ருவோம்," என்றார் சாமிக்கண்ணு. கெட்ட மனுஷன் இல்லை, சிக்கலைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிற டிரைவர் புத்தி. "மாலையும் வேணாம், நம்பரும் வேணாம். போலீசு தொந்தரவும் இல்ல. கோலுக்கு நம்ம டைலர் இருக்காரே. டைலர உள்ள இழுத்துக்குவோம்."

பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள்.

எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள். எனக்கு ஆசை வந்தது. பெரிய படம், கண்ணாடி போட்டு. துரை கையால் கப். பாக்கியம் முன்வரிசையில். நான்கூட நல்ல கோல்கீப்பர்தானோ என்று ஒரு நொடி நினைத்தேன். அப்போது கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. கையில் இருந்ததைக்கூடப் பிடிக்கத் தெரியவில்லை.

"வீராசாமி இல்லாத வரிசையில என் பேரு வந்துச்சுன்னா, கிளப்பு ஜெர்சி இனிமே வேற கடையில தச்சுக்குங்க," என்றேன்.

மண்டோர் மெல்லச் சொன்னார்: "மொத எடம் வீராசாமி. ரெண்டு ஏகாம்பரம். எழுதிட்டேன். எந்த வரிசைங்கறது அப்புறம்."

பாக்கியத்திடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, அந்தப் படத்த எங்க மாட்டறது, எலி வேற இருக்கு" என்றாள். ஆனால் ராத்திரி சோற்றில் எனக்கு மட்டும் முட்டை இருந்தது.


மார்ச் 12. புதன்.

நல்ல வெயில். டீச்சர் வீட்டுத் திரை முடிந்தது. ஒரு பக்கம் நீளம். தொங்கவிட்டால் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் அஞ்சலை வந்தாள். வேலை முடிந்து குளித்து, பஸ் பிடித்து. தீபாவளிக்கு மட்டும் வருகிறவள், மார்ச் மாதம் வந்தது இதுவே முதல் தடவை. கையில் துணிப் பொட்டலம், கசங்கிக் கிடந்தது.

"கேட்ல விரிச்சு ஒதறிப் பாத்தாங்கண்ணே, உள்ள அரிசி இருக்குதான்னு. ரவிக்கத் துணியில என்னா அரிசி?"

அரக்குச் சிவப்பு. வருஷா வருஷம் அந்த நிறம்தான்.

"விழாவுக்கா தங்கச்சி?"

"விழாவுக்குத்தான்." உட்காரவில்லை. "கிராணி ஐயா நேத்து லயத்துக்கு வந்தாரு. ஒக்கார நாக்காலி கூட இல்ல, நின்னுக்கிட்டே பேசுனாரு. எறந்துட்டார்னு போட்டா ஒரு தொந்தரவும் வராது புள்ளன்னாரு. என் நல்லதுக்குத்தான் சொல்றாரு, தெரியுது."

"நீ என்ன சொன்ன?"

"ஒன்னும் சொல்லல. செத்துட்டாருன்னு சொல்ல நான் பாக்கல. இருக்காருன்னு சொல்லவும் பாக்கல. பாக்காதத எப்படிண்ணே எழுதிக் குடுக்கறது?"

அளவு நோட்டைப் புரட்டினேன், அவள் அளவு எனக்கு மனப்பாடம்தான்.

"எத்தனாவதா போட்டிருக்கீங்க அவர?"

"மொதல். ஆனா ஏகாம்பரத்துக்கும் அதே அளவு ஓட்டு…"

"ஏகாம்பரமா!" இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து இன்றைக்குத்தான் கேட்டேன். "கோல்ல நின்னு புடிச்சு, நேரா ஏகாம்பரம் காலுக்குத் தூக்கிப் போட்டது யாரு? அந்தக் கால ஆட்டம் பூரா பலாமரத்தடியில நின்னு பாத்தவ நான். மழ பேஞ்சாலும் பாத்தேன். ஏகாம்பரத்துக்கு எடது காலே கெடையாதுண்ணே."

சரியான பேச்சு. ஏகாம்பரம் இடது காலால் ஒரு பந்தும் அடித்ததில்லை. சாமிக்கண்ணுவிடம் சொல்லணும்.

போகும்போது வாசலில் நின்று, "மால போட்ட படம் மாட்டுனாங்கன்னா நான் வர மாட்டேன். ரவிக்கய மட்டும் தச்சு வைங்க" என்றாள்.

அவள் போன பிறகு வேலை ஓடவில்லை. அவளுக்கு நல்லது செய்ய நினைக்கிற கிராணி ஐயா மேல் கோபப்பட முடியவில்லை. வேறு யார் மேலும் கோபப்பட முடியவில்லை. சப்பான்காரன் ஊருக்குப் போய்விட்டான்.


மார்ச் 15. சனி.

மலாக்காவுக்கு. பஸ்ஸில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதனை. ஐ.சி. காட்டி, கையைத் தூக்கி, ஏறி. வாங்க வேண்டியது: நூல் (வெள்ளை, அரக்கு), பொத்தான், பாக்கியத்துக்கு மருந்து. முக்கியமான வேலை: ஸ்டூடியோவில் கொடுத்த பதினொரு படத்தையும் வாங்கி வருவது.

ஸ்டூடியோக்காரர் வயதான சீனர். கண்ணாடி மூக்கு நுனியில். பத்துப் படம் பிரமாதம், இருக்கிற ஒன்பது பேருக்கும் இப்போது எடுத்த புதுப்படம். ஏகாம்பரம் சினிமாக்காரன் மாதிரி இருக்கிறான், அநியாயம். சவரிமுத்து படத்தில் வரைந்த மாலை. சரி.

பதினோராவது வீராசாமி. அவனுக்குத் தனிப்படம் கிடையாது. சண்டைக்கு முன் எடுத்த டீம் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கச் சொல்லியிருந்தோம். அதே சப்பை மூக்கு, அதே அலட்சியம். கழுத்தில் மாலை. பூப்பூவாக, நெஞ்சு வரைக்கும், பிரஷால் அழகாக வரைந்த வெள்ளை மாலை.

"யாரு மாலை போடச் சொன்னது?" என்று மலாயில் கத்தினேன்.

அவருக்கு என் கோபம் புரியவில்லை. இந்தியர்கள் பழைய படத்தைப் பெரிசு பண்ணக் கொடுத்தால் அது செத்த ஆள்தானாம். சுமுவா, சுமுவா என்கிறார். எல்லாமே அப்படித்தானாம். மாலை இல்லாமல் கொடுத்தால் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து மாலை கேட்கிறார்களாம், அதனால் முன்கூட்டியே போட்டுவிடுகிறார். மாலைக்குத் தனிக் கூலிகூட இல்லை என்றார் பெருமையாக.

புதிதாகச் செய்ய நேரம் இருக்கிறதா? இல்லை. அழிக்க முடியுமா? அழித்தால் கழுத்தும் போய்விடும், தலை தனியாக நிற்கும் என்றார். முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாயா வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தேன். தையல்காரன் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் துணி.

"பூவை எல்லாம் அடைச்சு வெள்ளையா நிரப்ப முடியுமா? ரெண்டு ஓரமும் நேரா? கீழே நூல் பிரிஞ்ச மாதிரி?"

"துவாலா?" துண்டா என்று கேட்கிறார்.

"துவாலா!"

சிரித்தார். பிரஷை எடுத்தார். மடிப்பு எங்கே விழும், நிழல் எந்தப் பக்கம் என்று நான் சொல்லச் சொல்ல வரைந்தார். என் தோளில் ஒரு துணியைப் போட்டுப் பார்த்துக்கூட வரைந்தார். கடைசியில் கழுத்தில் துண்டோடு வீராசாமி, ஆட்டத்துக்கு இறங்கப் போகிறவன் மாதிரி. ஜாசின் பெனல்டி அன்றைக்கு இருந்த அதே முகம்.

கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாக்கியத்தின் மருந்தை மறந்துவிட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.


மார்ச் 18. செவ்வாய்.

முதல் மழை. இடியோடு. கூரை ஒழுகுகிறது, மிஷினுக்கு நேர் மேலே.

அரக்கு ரவிக்கை முடிந்தது.

படங்களைக் கிளப்பில் பிரித்தோம். கிராணி ஐயா, மண்டோர், நான். கிராணி ஐயா வீராசாமி படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"துண்டு எங்கால வந்தது? டீம் படத்தில இல்லையே."

ஸ்டூடியோ கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வயித்தெரிச்சலாய்க் கிடக்கு, கோவிந்தன். நான் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு எண்டு நினைச்சுத்தான்…"

மண்டோர்: "ரெண்டு வரிசை வேணாங்கய்யா. ஒன்னுலேருந்து பதினொன்னு வரைக்கும் ஒரே வரிசையா மாட்டுவோம். சவரிமுத்துக்கு மால இருக்கட்டும். பேர நான் கூப்புடுறேன். அத மட்டும் எங்கிட்ட விட்ருங்க."

கிராணி ஐயா பேனாவை எடுத்தார். போலீசுக்குக் கொடுக்கும் பட்டியலில் வீராசாமி பேர், பக்கத்தில் ஐ.சி. நம்பர் எழுதுகிற கட்டம். வெறுமையாக விட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"கேட்டால் நான் பதில் சொல்லுவன்," என்றார். "என்ன பதில் எண்டு இப்ப தெரியாது."

பெர்மிட் கிடைத்தால் சரி. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவருக்கும் இருக்கும், கையெழுத்து கோணலாக இருந்தது.


மார்ச் 22. சனி.

பெர்மிட் வந்துவிட்டது. ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சார்ஜன் வந்து கூடவே உட்காருவாராம், பேர்ப் பட்டியல் அவர் கையில் இருக்குமாம். கப் கொடுத்து, பழைய ஆட்டக்காரர்களும் இளவட்டங்களும் ஆடுகிற ஆட்டத்தையும் அஞ்சு மணிக்கு முடிக்கணும்.

சாமிக்கண்ணு: "பட்டியல எதுக்கு அவரு கையில குடுக்கறாங்க?"

ஏகாம்பரம் சட்டைக்குப் பொத்தான் தைக்க வந்தான். "எனக்கு ரெண்டாவது எடந்தான் சரி, டைலரண்ணே. மொத எடத்துல என்னப் போட்ருந்தா நானே எந்திரிச்சு ரெண்டுல போய் ஒக்காந்திருப்பேன்." பொத்தானுக்குக் காசு வாங்கவில்லை. இடது கால் விஷயத்தை இனி எடுக்கப் போவதில்லை.


மார்ச் 23. ஞாயிறு. விழா.

மறுபடி வெயில். மரங்களில் தளிர். கோலில் விழுந்த கை வலிக்கிறது. எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

திடலில் பந்தல், மண்டப வாசலில் பதினொரு படம். துரை வந்தார், தொப்பியோடு. சார்ஜன் வந்தார், துப்பாக்கியோடு. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

அஞ்சலை வந்தாள். அரக்கு ரவிக்கை, பெரிய பொட்டு. பெண்கள் பக்கம் போகாமல் நேரே படத்துக்குப் போனாள். சுற்றி இருந்தவர்கள் விலகினார்கள். நான் பின்னால் நின்றேன். துண்டைப் பார்த்தாள்.

"ஆட்டத்துக்கு எறங்கறதுக்கு முன்னாடி எடுத்ததாண்ணே?"

"ஆமா தங்கச்சி."

"அவரு துண்டுக்கு நீலக் கர இருக்கும்." அவ்வளவுதான். போய் பலாமரத்தடியில் நின்றாள்.

மண்டோர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று காகிதத்தைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். அப்படியே பெரட்டுக் குரல்.

"வீராசாமி!"

ஒரு சத்தமும் இல்லை. துரை கப்பைக் கையில் வைத்துக்கொண்டு யார் வருகிறார்கள் என்று பார்த்தார். சார்ஜன் விரல் பட்டியலில் இறங்கியது, நின்றது. கிராணி ஐயா எழுந்துகொள்ளப் போனார்.

"வரல!"

பலாமரத்தடியிலிருந்து. அஞ்சலை. தினம் விடியற்காலையில் குரல் கொடுக்கிற மாதிரி, பயமில்லாமல், இழுக்காமல். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தெரிந்ததைச் சொல்லிவிட்டாள்.

சார்ஜன் தலையைத் தூக்கி மண்டோரைப் பார்த்து, ஆள் எங்கே என்று கேட்டார்.

"சயாம், துவான். ரயில் வேலைக்கு. பெலும் பாலே." இன்னும் திரும்பவில்லை என்று மலாயில் சொன்னார் மண்டோர்.

சார்ஜன் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். "அபாங் சாயா பூன்," என்றார். என் அண்ணனும்தான் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மண்டோர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததால் எழுத்து தெரியவில்லையோ, வருஷக்கணக்கான பழக்கமோ, அடுத்த பேருக்குப் போகாமல் வாய் தானாகக் கேட்டுவிட்டது:

"அவன் நெரைக்கு யாரு?"

சில பேர் சிரிக்க வாயெடுத்தார்கள். சிரிப்பு வரவில்லை. மண்டோர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்தத் தடவை யாருமே என்னைப் பார்க்கவில்லை. நான்தான் எழுந்துவிட்டேன்.

"நான் போறேன்."

வீராசாமியின் கப்பை கிராணி ஐயா துரையிடம் வாங்கி வேட்டி நுனியால் துடைத்தார், ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார். (புது சிலுவார் தைத்துக் கொடுத்தேன், கடைசியில் வேட்டியில் வந்திருக்கிறார்.) "வந்தாப்பிறகு எடுக்கட்டும்" என்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வாங்கினார்கள். சவரிமுத்துவின் கப்பை அவன் சம்சாரம் வாங்கி, படத்துக்குக் கீழே வைத்தாள். அஞ்சலை போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

பிறகு பழைய ஆட்டக்காரர்களுக்கும் இளவட்டங்களுக்கும் ஓர் ஆட்டம், அஞ்சு மணி வரை. வயிற்றை எக்கிக்கொண்டு போய் கோலில் நின்றேன். கழுத்திலிருந்த துண்டை எடுத்துக் கம்பத்தில் கட்டினேன். கட்டும்போது பார்த்தேன், பலாமரத்தடியில் அஞ்சலை. கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் நின்ற மாதிரியே.

மூன்று கோல் விட்டேன். மூன்றாவதுக்கு, "வெரலப் பாருங்கண்ணே, வெரல!" என்று கத்தினாள்.

அடிக்க வந்த பையன் பூட்ஸ் போட்டிருந்தான்.